புதுப்பேட்டையும் பஞ்சிகாவத்தையும்: பழைய பைக்கின் கார்புரேட்டர்

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்ட்டுக்கும் குரோமுக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கார்புரேட்டரைக் கடைசி அரை நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வண்டி ரோட்டில் ஓடுமா, ஷெட்டில் காட்சிக்கு நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்த அரை நாள்தான். அந்த வேலை சென்னையில் நடக்கும் விதம் வேறு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடக்கும் விதம் வேறு. இரு பக்க மெக்கானிக்குகளின் கைத்திறமையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டேங்கில் என்ன ஊற்ற முடிந்தது, கடையில் என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் இரண்டு பழக்கங்களும் உருவாயின.

முதலில் நம்மூர்ப் பழக்கம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் யமஹா ஆர்டி350ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு மிக்குனி கார்புரேட்டர். அன்று அதன் பெட்ரோல் செலவைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். சக்தியைக் குறைத்து மைலேஜைக் கூட்டிய எல்டி மாடல் வந்தும் விற்பனை நிமிரவில்லை. இன்று அதையே தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, மைலேஜ் போனாப் போகுது, பிக்கப் வேணும்.”

கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் பிரிந்து இரு கார்புரேட்டருக்கும் போகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் இரண்டு ஸ்லைடும் கண்ணுக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கும்போது இரண்டும் ஒரே கணத்தில் அசைய வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் பிந்தினாலும் ஐட்லிங்கில் ஒரு சிலிண்டரே வண்டியைச் சுமக்கும். அனுபவசாலிகள் கேபிள் அட்ஜஸ்டரில் அதைச் சரிசெய்துவிட்டு, இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கையை வைத்துப் புகையின் அடி ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது ஏர் ஸ்க்ரூ. முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, பிறகு கால் சுற்றாக முன்னும் பின்னும் நகர்த்தி, எஞ்சின் எங்கே வேகமெடுக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கடைசியாக பிளக். முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் சீஸ் ஆவதற்கு முந்தைய எச்சரிக்கை.

யாழ்ப்பாணத்தில் கேள்வியே வேறு: “லீற்றருக்கு எவ்வளவு ஓடும், அண்ணை?” அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடைக்காத காலம். ஹொண்டா எம்டி 90 மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில சொட்டுப் பீய்ச்சி, உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பிளக்கில் கரி அப்பும், கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிம்மதி நிலைக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றுதான் பங்கீடு தொடங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் நீடில் கிளிப்பை மேல் காடிக்கு ஏற்றி, ஊசியைத் தாழ்த்தி, கலவையை மெலிய வைப்பது கஞ்சத்தனம் ஆகாது. அது பிழைக்கும் வழி.

ஆனால் புதுப்பித்த வண்டிக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. மலைநாட்டில் இது நன்றாகத் தெரியும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிது, அதனால் கலவை தானாகவே கொழுக்கும். அங்கே ஓடுவதற்கேற்ப மெலிய வைத்த வண்டி கொழும்புக்கு இறங்கினால் வெடிச்சத்தம் போடும், சூடேறும். நம் ஊட்டியிலும் இதே கதைதான். வண்டி அன்றாடம் எந்த உயரத்தில் ஓடுகிறதோ அங்கேயே ட்யூன் செய்வதுதான் முறை.

பாகங்கள் விஷயத்தில் இலங்கைதான் சரி. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீண்டது. அந்த ஆண்டுகளில் இருக்கிற வண்டியையே ஓட்டித் தீர வேண்டியிருந்தது. கொழும்பின் உதிரிபாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடியும் கிடைக்காததைப் பழையதிலிருந்தே மீட்டார்கள். பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் ஊறவைத்து, நைலான் நூலை நுழைத்துச் சுத்தம் செய்கிற பொறுமை அப்படி வளர்ந்ததுதான். இங்கே சென்னையில், புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் எதுவும் கிடைக்கும் என்ற தைரியத்தில், தேய்ந்ததோ இல்லையோ ஒரிஜினல் கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு நகலை மாட்டுகிறோம். நகல் ஜெட்டில் எண் சரியாகப் பொறித்திருக்கும், துளை சரியாக இருக்காது. ஸ்லைடு லூசாக இருந்தால் இடுக்கு வழியே காற்று புகும். ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிற்காது.

இப்போது இந்தியப் பக்கம் புதிதாக ஒரு சிக்கல். பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பெட்ரோலின் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது நேற்று வரை சரியாக இருந்த ஜெட் இன்று மெலிந்த கலவையைத் தருகிறது. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, மறுபடி பிளக்கைப் பார்க்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். வண்டியைப் பல நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். இலங்கையின் 92 ஒக்டேன் பெற்றோலில் இந்தக் கலப்பு வழக்கமில்லை. எனவே கொழும்பு நண்பர் சொல்லும் ஜெட் எண்ணை அப்படியே இங்கே மாட்டாதீர்கள், இங்குள்ளதை அவருக்கும் சொல்லாதீர்கள்.

50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் இந்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. உங்கள் மெக்கானிக் புதிய கார்புரேட்டரை மாட்டியே தீருவேன் என்றாலும், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிவந்து, சுத்தம் செய்து, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.