ராக் இசையிதழும் வகைமை மரபும்: 'கிராடாடி'யை முன்வைத்து

ஓர் இதழ் மரபை மீறியது என்று கூறுமுன், அது எந்த மரபை மீறியது, மீறுவதற்கான வலிமையை எங்கிருந்து பெற்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண வேண்டும். அமெரிக்காவில் 1966 பிப்ரவரியில் வெளிவந்த 'கிராடாடி' என்னும் ராக் இசையிதழைக் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை இரண்டாவது வினாவை எடுத்துக்கொள்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்துச் சுவார்த்மோர் கல்லூரியில் முதலாமாண்டு பயின்ற பால் வில்லியம்ஸ், தம் பதினேழாம் வயதில் இவ்விதழைத் தொடங்கினார். முதல் இதழ் 10 பக்கங்கள், 500 படிகள். தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டது. மதிப்புரைகள் அனைத்தும் அவர் எழுதியவையே. இதழின் பெயர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தொடக்க காலத்தில் பாடிய ரிச்மண்டு இசைமன்றத்தின் பெயராகும்.

அக்காலத்தில் இவ்விசையைப் பற்றி எழுதிய இதழ்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, 'பில்போர்டு' போன்ற வணிக இதழ். விற்பனை வரிசையே அதன் உயிர். மற்றொன்று, 'சிக்ஸ்டீன்' போன்ற பதின்பருவத்தினர் இதழ். பாடகரின் படமும் அவருடைய விருப்பு வெறுப்புகளும் அதன் உள்ளடக்கம். முன்னது பாட்டைச் சரக்காகக் கண்டது. பின்னது பாடகரை நாயகராகக் கண்டது. கேட்பவரிடம் பாட்டு என்ன நிகழ்த்துகிறது என்னும் வினா இரண்டிலும் இடம்பெறவில்லை எனலாம். ஜாஸ் இசைக்கு 1934 முதலே 'டவுன் பீட்' இருந்தது. ராக் இசைக்கு அத்தகைய திறனாய்வுக் களம் அமையவில்லை.

இவ்விடத்தில்தான் 'கிராடாடி' ஒன்றுமில்லாமையிலிருந்து தோன்றியதாகக் கருதும் பிழை நேர்கிறது. வில்லியம்ஸ் பள்ளிப் பருவத்திலேயே அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் நடத்தியவர். அமெரிக்காவில் 1930களில் வேரூன்றிய அவ்விதழ்வகைக்கு உறுதியான மரபுகள் உண்டு. ஆசிரியரே எழுதுவார், அச்சிடுவார், அஞ்சலில் சேர்ப்பார். இன்றைய வாசகர் அடுத்த இதழின் கட்டுரையாளர். உலகோர் மலிவாக எண்ணும் எழுத்தை அவ்வட்டத்தார் பக்கக் கணக்குப் பாராமல் விவாதிப்பர். இம்மரபு முழுவதையும் வில்லியம்ஸ் இசைக்கு மாற்றினார். ஆகவே இசையிதழ் மரபின் நோக்கில் மீறலாகத் தோன்றுவது, ரசிகர் இதழ் மரபின் நோக்கில் பின்பற்றலே. நம் சிற்றிதழ்களை ஆராய்வோரும் இவ்வாறு வேறொரு வகைமையின் தடத்தைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

மற்றொரு தடம் வகுப்பறை. பிராண்டைஸ் பல்கலைக்கழக மாணவர் ஜான் லாண்டாவும், மெய்யியல் பயின்ற ரிச்சர்டு மெல்ட்சரும் விரைவில் எழுதலாயினர். பின்னர் 1970இல் 'ராக்கின் அழகியல்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வந்த மெல்ட்சரின் ஆய்வுப் பகுதி இவ்விதழில் முன்னரே வெளிவந்தது. அது மெய்யியல் கட்டுரையா, மெய்யியல் கட்டுரையைக் கேலி செய்வதா என்று இன்றும் உறுதிப்படுத்த இயலாது. அந்த ஐயமே அதன் சுவை.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, பாப் டிலனின் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' 1966இல் வெளிவந்தபோது வில்லியம்ஸ் எழுதிய கட்டுரையாகும். டிலன் பாடல்களுக்கு மறைபொருள் தேடுவது அன்று பெருவழக்கு. இந்தப் படிமம் எதைக் குறிக்கிறது, இந்தப் பெண் யார் என்னும் வினாக்களை வில்லியம்ஸ் தவிர்க்கிறார். பாடலைக் கேட்கும்போது நேரும் அனுபவத்தை விட்டுவிட்டு அதன் பொருளை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்பது அவர் வாதம். பொழிப்புரையில் பழகிய நமக்கு இது சோம்பலாகத் தோன்றக்கூடும். ஆயினும் பொழிப்பு எழுதியபின் எஞ்சிநிற்பது எது என்னும் வினா நம் உரையாசிரியர்களுக்கும் புதியதன்று. கவிதையை ஏட்டில் படிக்கும் கல்வி, பாட்டைக் காதால் கேட்கும் பழக்கத்திடம் பணிந்து பாடம் கேட்ட தருணமாக இக்கட்டுரையை நான் கருதுகிறேன்.

இதன் விளைவாக எழுத்தில் 'நான்' நுழைகிறது. ஆய்வேட்டில் 'நான்' என்று எழுதும் மாணவரைச் சிவப்பு மையால் திருத்துவோருள் நானும் ஒருவன். வில்லியம்ஸின் 'நான்' தற்பெருமைக்காக வந்ததன்று. கேட்ட செவி எது என்று அறிவிக்கும் நேர்மைக்காக வந்தது. எனினும் அதற்கு ஒரு விலை இருந்தது. தாளம், சுரம், ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பற்றிய நுட்பமான பகுப்பாய்வு அவர் கட்டுரைகளில் குறைவு. உணர்வு கூர்மையாக இருக்கும் பக்கத்திற்கு அடுத்த பக்கமே மங்கலாகிவிடுகிறது. எழுதியோரும் பெரும்பாலும் கல்லூரி சார்ந்த இளைஞர்களான ஆண்கள். அந்தச் செவியையே எல்லோருடைய செவியாகவும் கொள்ளும் போக்கு அங்கிருந்தே தொடங்கியது எனலாம்.

மாணவர் இதழ் என்னும் அடைமொழியையும் எச்சரிக்கையுடனே கையாள வேண்டும். வில்லியம்ஸ் 1966இலேயே கல்லூரியை விட்டு விலகினார். சைக்ளோஸ்டைல் தாள்களின் இடத்தில் ஒளிப்படங்களும் இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரங்களும் வந்தன. நவம்பர் 1967இல் 'ரோலிங் ஸ்டோன்' தொடங்கியது. லாண்டா அதிலும் எழுதினார். மீறலாகத் தொடங்கிய நீண்ட தன்மைக்கூற்று மதிப்புரை, விளம்பரத்திற்கு நடுவே அச்சாகும் தொழில்முறை வகைமையாயிற்று. வில்லியம்ஸ் 1968இல் இதழை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு தம் கட்டுரைகளை நூலாக்கினார். பிறர் கையில் 1970களில் வெளிவந்த 'கிராடாடி', தலைப்பிலிருந்த வியப்புக்குறியைக் கைவிட்டிருந்தது.

பின்பு 1993இல் வில்லியம்ஸ் அதே பெயரில் இதழை மீண்டும் தொடங்கி 2003 வரை நடத்தினார். வியப்புக்குறி திரும்பியது. ஆசிரியரே பெரும்பகுதியை எழுதும் பழைய ரசிகர் இதழ் முறையும் திரும்பியது.