தெருமுனையில் நிற்பவன் யார்?

பாட்டுக்கு ஊரால் பெருமை வருவதுண்டு. ஊருக்குப் பாட்டால் பெருமை வருவதும் உண்டு. ஆயின், ஒரு பாட்டே ஓர் ஊருக்கு வாழ்வளிக்கும் துணையாக அமைவது அரிது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஏறத்தாழ 9,000 பேர் வாழும் வின்ஸ்லோ என்னும் சிற்றூர் அவ்வாறு அமைந்த ஒன்றாகும். அங்கே சாலையோரத்தில் 1999-ஆம் ஆண்டு ஒரு சிறு பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா என்ற பெயரைக் கேட்டுச் சோலையை எதிர்பார்த்தல் கூடாது. ஒரு தெருமுனை, ஒரு செங்கற்சுவர், சுவரில் ஓர் ஓவியம், அதன் முன்னே வெண்கலச் சிலை. ஒரு பாட்டின் சில அடிகளுக்கு ஓர் ஊர் எழுதிய உரை என்று அதனைக் கொள்ளலாம். உரை என்று கொண்டால், அது மூலத்தோடு பொருந்துகிறதா என ஆராய்தலும் வேண்டும்.

மூலத்தை முதற்கண் நோக்குவோம். 'டேக் இட் ஈசி' என்னும் அப்பாட்டு, ஈகிள்ஸ் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டாக 1972-இல் வெளிவந்தது. ஜாக்சன் பிரௌன் தொடங்கி, முடிக்க இயலாமல் வைத்திருந்ததைக் கிளென் ஃபிரை முடித்துக் கொடுத்தார். மனச்சுமையோடு சாலைவழிச் செல்லும் இளைஞன் ஒருவனின் கூற்று அது. இடையில் அவன் வின்ஸ்லோவில் ஒரு தெருமுனையில் நிற்கிறான். லாரி ஓட்டிவரும் பெண் ஒருத்தி அவனைப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைக்கிறாள். அவன் தன் வேட்கையைச் சொல்கிறான். அவள் விடை நமக்குக் கிடைப்பதில்லை. ஊரின் பெயர் வருவதும் ஒரே ஒருமுறைதான்.

அன்பின் ஐந்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதியை இவ்வாங்கிலப் பாட்டு அறியாது; நம் மரபோடு அதற்கு உறவும் இல்லை. எனினும், அவ்விதி எந்தப் பயனைக் கருதியதோ அந்தப் பயனை இதுவும் பெற்றிருக்கிறது. இதில் ஊருக்குப் பெயர் உண்டு; மாந்தர்க்குப் பெயர் இல்லை. ஆகவே, கேட்பவர் எவராயினும் அத்தெருமுனையில் தாமே நிற்பதாக எண்ணிக்கொள்ள இயலும்.

அங்ஙனம் எண்ணிக்கொண்டவற்றுள் தலையாயது அந்த ஊரே எனலாம். வின்ஸ்லோ, சாந்தா ஃபே இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். 1926-இல் வகுக்கப்பட்ட 66-ஆம் எண் நெடுஞ்சாலையும் அதன் வழியே சென்றது. மேரி கோல்ட்டர் என்னும் அம்மையார் வடிவமைத்த லா போசாடா விடுதி அங்கே 1930-இல் திறக்கப்பெற்று, 1957-இல் மூடப்பட்டது. 1970-களின் இறுதியில் 40-ஆம் எண் விரைவுச்சாலை ஊரை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் போயிற்று. 1985-இல் 66-ஆம் எண் சாலையே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வண்டி வராத கடைத்தெருவுக்கு வாணிகம் ஏது? பாட்டில் இளைஞன் நின்ற நிலையில் இப்போது ஊரே நின்றது. போகின்ற வண்டிகளுள் ஒன்றேனும் நம்மைப் பார்த்து வேகத்தைக் குறைக்காதா என்பதே அதன் ஏக்கம். வழிப்போக்கன் பாடிய பாட்டைக் கொண்டு, வழிப்போக்கரை நிறுத்த முயன்றனர் ஊரார். அவர்கள் அப்பாட்டின் உள்ளத்தை உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி உரையைக் காண்போம். அதன் சிறந்த பகுதி, ஜான் பியூ தீட்டிய சுவரோவியம். மெய்யான கட்டடமோ என்று கண்ணை மருட்டும் வகை அது. சுவரில் ஒரு கடையின் கண்ணாடிச் சன்னல் வரையப்பட்டுள்ளது. அக்கண்ணாடியில், தெருவில் போகும் லாரியும் அதை ஓட்டும் பெண்ணும் நிழலாகத் தெரிகின்றனர். லாரியை நேரே வரையாமல் அதன் நிழலை மட்டும் வரைந்ததே ஓவியரின் நுட்பம். சுவரை நோக்கி நிற்பவர், அவள் தமக்குப் பின்னால் இந்நொடியே கடந்து செல்வதாக உணர்வர். திரும்பினால் அவளைக் காணார். பாட்டு சொல்லாமல் விட்டதை ஓவியமும் சொல்லாமல் விடுகிறது. 2004-இல் பின்னிருந்த கட்டடம் தீக்கு இரையானபோது, இச்சுவர் தப்பி நின்றது.

ரான் ஆடம்சன் வடித்த முதற்சிலையும் போற்றத்தக்கதே. கிட்டாருடன் நிற்கும் ஓர் இளைஞன், அவ்வளவே. பிரௌனின் சாயலை அதில் காண்போரும் உளர். எனினும், இன்ன பாடகர் என்று பெயர் சுட்டி அது நிறுவப்படவில்லை. ஆதலால் வருவோர் அருகில் நின்று அவனாகவே ஆகிவிடுகின்றனர்.

குறை பிற்சேர்க்கைகளில் உள்ளது. சாலையோரத்தில் ஒரு சிவப்பு ஃபோர்டு லாரியை நிலையாக நிறுத்தியிருக்கின்றனர். படம் எடுத்துக்கொள்வார்க்கு அது உவப்பாகலாம். ஆனால் பாட்டின் உயிர், அந்த லாரி விரைவு குறைந்து வரும் ஒரு கணத்தில் இருக்கிறது. நின்றுவிட்ட லாரியில் அக்கணம் இல்லை. ஓவியர் ஒளித்த இன்பத்தை இது வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது.

2016 சனவரியில் கிளென் ஃபிரை மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் உருவச்சிலையும் அதே முனையில் நிறுவப்பட்டது. இது நன்றியின் வெளிப்பாடு. அந்த நன்றியை நாம் குறைகூறவில்லை. ஆனால் நன்றி வேறு, உரை வேறு. ஊருக்கு வாழ்வு தந்தவர்க்குக் கல் நடுதல் புறத்திணைச் செயல். அதனை அகத்திணைக் களத்தின் நடுவே செய்தமையால், தெருமுனையில் நிற்பவன் யார் என்ற வினாவுக்கு ஒரு முகம் விடையாகிவிட்டது. இருவர் கைப்பட்டு உருவான பாட்டுக்கு ஒருவர் முகம் மட்டும் விடையாதல் வரலாற்றுக்கும் முழுதும் பொருந்தாது. அவருக்குரிய சிலையை ஊரின் வேறோர் இடத்தில் வைத்திருப்பின், இரண்டும் சிறந்திருக்கும்.

வகுப்பறையிலும் இதே பிழை நேர்வதுண்டு. அகப்பாட்டின் தலைவன் யார் என்று மாணவர் கேட்பின், புலவரின் வாழ்க்கைக் கதையை எடுத்துக்காட்டி விடை கூறிவிடுகிறோம். மாணவர் மனநிறைவு கொள்வர். ஆனால், தாம் புகுந்து நிற்க வேண்டிய இடத்தை இழந்துவிடுவர்.

வின்ஸ்லோ மக்கள் இன்னொரு சிலை நாட்ட எண்ணுவாராயின், நாம் வேண்டுவது ஒன்றே: அந்நடைபாதையில் எஞ்சியுள்ள வெற்றிடத்தை அப்படியே விட்டுவைக்கட்டும். நாளை அவ்வழியே வண்டியின் வேகத்தைக் குறைத்து இறங்குபவர் நிற்பதற்கு அந்த இடம் வேண்டும்.