நடு அசையக் கூடாது

பிரிஜித் நாளை ஒட்டி ஜனவரி கடைசி வாரத்தில் அயர்லாந்துக் கடைகளில், கோரையில் நெய்த பிரிஜித் சிலுவைகள் தொங்க ஆரம்பித்துவிடும். வார்னிஷ் பூசியவை, பச்சை ரிப்பன் கட்டியவை, மத்தியில் கண்ணாடிக்கல் ஒட்டியவை. நான் கையில் எடுத்ததும் நடுச் சதுரத்தைத்தான் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பெரும்பாலும் அசையும். நடு அசைகிற சிலுவைக்கு எந்த அலங்காரமும் துணை வராது.

அந்தச் சின்னச் சதுரத்தில்தான் இந்தக் கலை முழுவதும் இருக்கிறது. ஒரு கோரையை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றைப் பாதியில் மடித்து அதைக் கவ்வவிட்டு, கால் சுற்றுத் திருப்பி, அடுத்ததை மடித்து, மறுபடி திருப்பி... வேலை இவ்வளவுதான். பசை இல்லை, கம்பி இல்லை. ஒவ்வொரு மடிப்பும் முந்தைய மடிப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான்கு முக்கோணங்கள் வரிவரியாக வளர்ந்து ஒரு சதுரமாகின்றன. நான்கு நுனிகளையும் கட்டி முடிக்கும்வரை அத்தனையையும் தாங்கி நிற்பது ஒற்றைக் கட்டைவிரல்.

கில்டேரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பாட்டியின் கட்டைவிரலை நான் மறக்கவே முடியாது. நகம் தட்டையாகி, ஓரம் காய்த்துப்போயிருக்கும். ஒவ்வொரு கோரையையும் மடித்தபின் தன் நெஞ்சுப் பக்கமாக ஒருமுறை இழுப்பார், ஒரு நொடி நிறுத்துவார், பிறகுதான் திருப்புவார். அந்த ஒரு நொடிக்காகவே அவர் எதிரில் போய் உட்கார்ந்திருப்பேன். வேகமாக நெய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்; அந்த நிறுத்தம் யாரிடமும் இல்லை. பறித்த கோரை காயக் காய மெலியும். பச்சையில் சரியாக இருப்பது பங்குனிக்குள் தொளதொளத்துவிடும். பாட்டி அந்த மெலிவையும் கணக்கில் சேர்த்து இழுப்பார். அவர் செய்த சிலுவை வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்தபிறகும் நடு இம்மியும் நகராது.

அரிவாளால் அறுத்த கோரையை அவர் தொடமாட்டார். கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நெய்கிறவருக்கு அதில் லாபமும் உண்டு: தண்டு வெளிறிய அடிப்பாகத்தோடு முழு நீளமாக வரும். உள்ளே வெண்ணிறச் சோறு இருக்கிறதே, தோலுரித்துக் கொழுப்பில் தோய்த்து ஒருகாலத்தில் ஏழை வீடுகளில் விளக்காக எரித்தது அதைத்தான். பசுமையில் மடிக்கும்போது முறியாமல் அமுங்கிக் கொடுப்பதும் அந்தச் சோறுதான்.

ஓட்ஸ் தாளிலும் கோதுமைத் தாளிலும் செய்வதுதான் அழகு என்பார்கள் சிலர். அந்தப் பொன்னிறப் பளபளப்பை நான் மறுக்கவில்லை. குறுக்கே கட்டிய இரண்டு குச்சிகளில் தாளைச் சுற்றிச் சுற்றி வைர வடிவமாக எழுப்பும் வகையும் கண்ணுக்கு நிறைவானதுதான். ஆனால் அங்கே தாங்குவது குச்சி. கோரையில் தாங்குவது வெறும் இழுவிசை. எனக்குக் குறை வேறொன்று. சில ஊர்களில் மாட்டுத் தொழுவத்துக்கென்று மூன்று கைச் சிலுவை செய்வார்கள். நான்கு கையைவிட அதைச் சமமாகக் கொண்டுவருவது கடினம், கால் சுற்று என்ற கணக்கு அங்கே உதவாது. 1961 டிசம்பர் 31 அன்று தொடங்கிய அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சி நான்கு கைச் சிலுவையைச் சின்னமாக்கி 1990கள் வரை வைத்திருந்தது. அதிலிருந்து மக்கள் மனதில் அந்த ஒரு வடிவமே நின்றுவிட்டது.

பிரிஜித் தெய்வமா, புனிதரா என்ற வழக்கு எனக்குச் சுவைக்கவில்லை. பழைய கோர்மாக் சொற்களஞ்சியம் அவளைப் புலவர்களின் தெய்வம் என்கிறது, வைத்தியத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் அதே பெயரில் இரு சகோதரிகளையும் சொல்கிறது. கில்டேரில் அணையாமல் காத்த நெருப்பைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் எழுதியவர் ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார். 1993இல் அதை மீண்டும் ஏற்றியவர்கள் கன்னியாஸ்திரீகள். இம்போல்க் என்ற பழைய பருவ விழாவைக் கொண்டாடுகிறவரும் ஜெபமாலை உருட்டுகிறவரும் ஒரே ஈர நிலத்தில்தான் கோரை பிடுங்குகிறார்கள்.

வீட்டில் கொண்டாட வேறொன்றும் வாங்க வேண்டியதில்லை. பிரிஜித் நாளுக்கு முந்தைய ஜனவரி 31ஆம் தேதி இருட்டியதும் ஒருவர் கோரைக் கட்டோடு வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். பிரிஜித்தை உள்ளே விடச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளிருப்பவர்கள் வரவேற்க வேண்டும். கட்டு மேசைக்கடியில் போகும். வெண்ணெய் குழைத்த உருளைக்கிழங்கு சாப்பிட்டு முடித்தபின் எல்லோரும் சேர்ந்து நெய்யலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு துணி போட்டுவைத்தால், அவள் போகிற வழியில் தொட்டுப்போகும் அந்தத் துணி வருஷம் முழுக்கத் தலைவலிக்கு ஆகும் என்பது நம்பிக்கை.

இந்த ராத்திரிதான் இப்போது கைநழுவிக்கொண்டிருக்கிறது. 2023இல் பிரிஜித் நாளுக்கு அரசு விடுமுறை வந்தது; நல்ல காரியம். ஆனால் விடுமுறை பெரும்பாலும் பிப்ரவரியின் முதல் திங்களில் விழுகிறது. முதல் வருஷமே 6ஆம் தேதி. பயிற்சிப் பட்டறை, ஊர்வலம், இசை எல்லாம் அந்த நீண்ட வார இறுதிக்கு நகர்ந்துவிட, 31ஆம் தேதி இரவு வெறும் வேலைநாள் இரவாகப் போகிறது. பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பஞ்சுக் கம்பிகளைக் கொடுத்துச் சிலுவை செய்யச் சொல்கிறார்கள். கம்பி மடித்த இடத்தில் தானே நிற்கும். இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதையே பிள்ளை அறியாது. வயலில் கோரைக்கா பஞ்சம்?

பழைய சிலுவையை என்ன செய்வது என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. எரிப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடானது பழைய கூரை வீட்டுக்காரர்களின் முறை: புதியதை வாசலுக்கு மேல் மாட்டிவிட்டு, பழையதை உத்தரத்தில் செருகி வைப்பார்கள், வருஷத்துக்கு ஒன்றாக. புகையேறிக் கறுத்தது எது, நேற்றையது எது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும்; எந்த வருஷம் யார் கை நன்றாக இழுத்திருக்கிறது என்பதும் தெரியும்.