தெர்மாமீட்டர் யார் கை வழியாக வருகிறது?

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ உதவி என்றால் யாரும் எதிர்ப்புச் சொல்லமாட்டார்கள். நிலம், கூலி, சாதி ஒழிப்பு என்று பேசுகிற நாமும் இதைப் 'பொதுக் காரியம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் 'பொது'வைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக மருத்துவப் பரிசோதனை நடந்தது 1909ல், பரோடா நகரத்தில் என்று பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்கின்றன. அதே பரோடாவில்தான் 1917ல் சமஸ்தான வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதிக்குத் தடிகளோடு வந்து அவரை விரட்டினார்கள். பிள்ளைகளின் உடம்பைச் சோதிக்கக் கற்றுக்கொண்ட ஊர் ஒரு தலித்தின் உடம்புக்குக் கூரை தரக் கற்றுக்கொள்ளவில்லை.

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இன்னொரு சம்பவத்தையும் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற அவர் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியாகத் திரும்பி வந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள். ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது.

இதில் டாக்டர் வந்தார், பரிசோதனை நடந்தது, நோய்க்குப் பேரும் வைக்கப்பட்டது. பதிவேட்டில் தாராளமாக 'சேவை வழங்கப்பட்டது' என்று எழுதலாம். இந்தப் பதிவேட்டைத்தான் நாம் விமர்சிக்க வேண்டும்.

இன்றைய திட்டத்துக்கு வருவோம். 2013ல் மத்திய அரசு கொண்டுவந்தது ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம். பேரே நம்ம ஜனங்க வாயில நுழையாது. திட்டம் நல்ல திட்டம்தான். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை, பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையில், தொடங்கும்போது 30 நிலைகளைப் பார்க்கச் சொன்னது. காதில் சீழ், சொத்தைப் பல், தோல் நோய், இதய நோய், வலிப்பு, பார்வைக் குறை எல்லாம் அதில் உண்டு. டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட குழு வண்டியில் வரும். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு முறை. குறை தெரிந்தால் மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

நம் கேள்வி சீட்டுக்கு அப்புறம் என்ன என்பது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் முண்டியம்பாக்கத்தில் 2010லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் போனால் புதுச்சேரியில் ஜிப்மர். வரைபடத்தில் எல்லாம் பக்கம்தான். ஆனால் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர் அம்மாவுக்கு அந்தத் தூரம் கிலோமீட்டரில் இல்லை. ஒரு நாள் கூலி, பஸ் காசு, வீட்டிலிருக்கிற கைக்குழந்தை, ஓ.பி. வரிசையில் 'எந்த ஊரு, யாரு நீங்க' என்கிற கேள்வி: இதுதான் தூரம். ஒரு தடவை போவாள். 'அடுத்த வாரம் வா' என்றால் அந்தச் சீட்டு கூரையில் செருகிக் கிடக்கும்.

சீட்டே கிடைக்காத பிள்ளைகளும் உண்டு. முன்பணம் வாங்கிய குடும்பம் தைக்குப் பிறகு செங்கல் சூளைக்குப் போனால் மழைக்கு முன்புதான் திரும்பும். பிள்ளையும் கூடப் போகும். பள்ளிக்கு வண்டி வருகிற அன்றைக்கு அதன் பெயருக்கு நேரே 'வரவில்லை'. பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் திண்டிவனத்திலிருந்து எத்தனை வருஷமாக அந்தச் சான்றிதழுக்குப் போராடியிருக்கிறார்கள்! அதை வெறும் இடஒதுக்கீட்டுப் போராட்டமாகப் பார்க்கக் கூடாது. அது உடம்புக்கான போராட்டமும்தான்.

வரிசையில் நிற்கிற பிள்ளைக்கும் சாதி உண்டு. எங்கள் பெரியப்பா மகளைச் சொல்கிறேன். காலனிப் பிள்ளைகள் கடைசியில்தான் உட்கார வேண்டும். அக்காவுக்குக் கிட்டப்பார்வை, கரும்பலகையில் எழுதியது தெரியாது. வாத்தியார் 'மக்கு' என்றார். அஞ்சாவதோடு நின்று மல்லாட்டை பிடுங்கப் போனது. நாற்பது வயசுக்கு மேல் ஓர் இலவச முகாமில் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இம்மாம் நாளா எல்லாருக்கும் இப்டித்தான் தெரியுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா." அக்காவைக் கடைசி பெஞ்சில் வைத்தது கண் இல்லை. ஆனால் அந்த பெஞ்சு அக்காவின் கண்ணை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டது. கண்ணாடி கொடுப்பதோடு சேர்த்து பெஞ்சையும் மாற்றச் சொல்லாத திட்டம் பாதித் திட்டம்தான்.

2022ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரு தலித் பையனுக்கு டெங்கு வந்தது. எப்படி வந்தது என்று வீட்டில் விசாரித்தபோதுதான் தலித் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ வைத்தது வெளியே வந்தது. தலைமையாசிரியை மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து கைது செய்தார்கள். நோயைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரி. காரணத்தைக் கண்டுபிடித்தது வீடு. திட்டம் பார்க்கிற நிலைகளில் தீண்டாமை இல்லை. மருத்துவப் பட்டியலில் அதற்கு இடமும் இருக்காது. ஆனால் அந்த நிலைகளில் எது யாரிடம் தங்குகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

'டாக்டர் சாதி பார்ப்பதில்லை' என்பார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் பிள்ளைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010ல் வெளிவந்தது. மருந்து கொடுக்கிற கை தொடாமல் கொடுப்பதைப் பிள்ளைகளே அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் போய் யாராவது உட்கார்ந்து கேட்கட்டும். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் சொல்லிவிடும்.

எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்ற கணக்கு நமக்குப் போதாது. எத்தனை சீட்டு எழுதினீர்கள், அதில் எத்தனை பிள்ளை குணமாகித் திரும்பியது, திரும்பாதது எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்க வேண்டும். சீட்டோடு வண்டியும், கூட வர ஆளும், தாய்க்கு அன்றைய கூலியும் வேண்டும். அந்த ஆள் இருளர் குடியிருப்பிலிருந்தும் காலனியிலிருந்தும் வர வேண்டும். வண்டி சூளைக்கும் போக வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. பசியை எழுதினோம், அடியை எழுதினோம். காதில் சீழ் வடிந்ததால் பாடம் கேட்காமல் 'மக்கு' ஆன பிள்ளையை நாம் இன்னும் எழுதவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பியுங்கள்.