கம்பி செய்த குற்றத்துக்குப் படத்தைக் குறை சொல்லலாமா?



திறனாய்வுப் பயிற்சிக்காக நான்காம் படிவ மாணவர்களுக்கு 'அந்த நாள்' படத்தைப் போட்டுக் காட்டினேன். 1954-இல் வந்த ஏவி.எம். படம். எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கணேசன், பண்டரிபாய் நடிப்பு. பாட்டே கிடையாது என்றதும் பிள்ளைகள் முகம் சுருங்கியது.

மறுவாரம் ஒரு மாணவனின் கட்டுரை என்னைச் சீண்டியது. "ஆட்கள் எல்லாரும் குட்டையாக, குண்டாக இருக்கிறார்கள். இருட்டில் யார் நிற்கிறார் என்றே தெரியவில்லை. பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. ஒளிப்பதிவு மோசம்." கோபத்தில் 20-க்கு 7 போட்டேன். 'பழைய படம்னா இந்தப் பிள்ளைங்களுக்கு இளக்காரம்' என்று ஆசிரியர் அறையில் புலம்பவும் செய்தேன்.

பிறகு வகுப்பறைத் தொலைக்காட்சியில் அதே படத்தை நானே கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

என்ன நடந்தது? என்னுடையது பத்து வயதைத் தாண்டிய மடிக்கணினி. கையில் கிடைத்த வி.ஜி.ஏ. கம்பியைச் செருகியிருந்தேன். 15 ஊசி கொண்ட அந்தக் கம்பி படத்தை மட்டுமே கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது. ஆகவே நாற்பது பேருக்கும் மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கிதான். திரை 1024 x 768 அளவில் இருந்தது, அதாவது 4:3. அதைத் தொலைக்காட்சி தன் 16:9 சட்டத்துக்கு இழுத்துவிட்டது. அப்படி இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சிவாஜியும் குண்டாகத்தான் தெரிவார். 'டைனமிக்' படநிலை வேறு நிழலையெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிவிட்டது.

இந்தப் படத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை. வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். பக்கத்து வீட்டுக்காரர், உடன்பிறந்த பட்டாபி, அவன் மனைவி என்று ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்ற ஐயத்தை வசனத்தைவிட ஒளியும் நிழலுமே அதிகம் வளர்க்கின்றன. பாதி வெளிச்சத்தில் இருக்கும் முகத்தை முழுக் கறுப்பாக்கினால் அந்த ஐயமே செத்துப்போகும். படத்தில் குறை இல்லாமல் இல்லை. என் பார்வையில், கடைசிப் பகுதியில் தேசக் கடமை பற்றிய வசனம் நீண்டுவிடுகிறது. அதுவரை காட்சி செய்த வேலையைப் பேச்சு பறித்துக்கொள்கிறது. இது படத்தின் குறை. குண்டு முகம் என் குறை.

சரிசெய்தது இப்படித்தான். மடிக்கணினியின் ஓரத்தில் எச்.டி.எம்.ஐ. துளையும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அந்தக் கம்பியில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி, இரண்டாம் திரையில் மட்டும் காட்டும்படி வைத்து, 1920 x 1080 தேர்ந்தெடுத்தேன். ஒலி வராவிட்டால் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தாலோ நிழல் முழுதாக அடைபட்டாலோ, இரு கருவிகளின் ஒளி வரம்பும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒன்று 0 முதல் 255 வரையும் மற்றது 16 முதல் 235 வரையும் கணக்கிடும். இரண்டையும் ஒரே வரம்பில் வையுங்கள். 4:3 படத்துக்கு இருபக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. அதை நிரப்பப் பார்க்காதீர்கள்.

வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள மடிக்கணினியா? வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கருவி வேண்டும், அதற்கு யு.எஸ்.பி. வழி மின்சாரமும், தனியாக ஒலிக் கம்பியும் தேவைப்படும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எதிர்த்திசைக் கருவியை வாங்கினால் வேலை செய்யாது. ஒன்று மறக்க வேண்டாம்: 480 வரி கொண்ட நகலில் இல்லாத நுட்பத்தை எந்தக் கம்பியாலும் கொண்டுவர முடியாது.

மறுபடியும் படத்தைப் போட்டேன். அதே மாணவன் இம்முறை, "சாட்சி சொல்பவர் மாறும்போது ராஜனும் வேற ஆளா தெரியறான், டீச்சர்" என்றான். பழைய 7-ஐ அடித்துவிட்டு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மாணவர்களே, திறனாய்வு எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குறை படைப்பில் உள்ளதா, என் கைக்கு வந்த நகலில் உள்ளதா? அச்சுப்பிழை நிறைந்த நாவல் பதிப்புக்கும் இதே கேள்விதான். ஆசிரியர்களே, நாம் கேட்க வேண்டியது வேறு: கடைசி வரிசைப் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரிந்தது? அதைப் போய்ப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவோம்.