ஞமலியும் எகினமும்: நாய்க்கும் பறவைக்கும் பொதுவான பெயர்களின் பொருள் வரையறை

தமிழ் நிகண்டுகளில் நாயையும் பறவையையும் ஒருசேரக் குறிக்கும் பெயர்கள் இரண்டு கருதத்தக்கன. 'ஞமலி' நாய், மயில், கள் ஆகியவற்றையும், 'எகினம்' அன்னம், நாய், கவரிமா, நீர்நாய், புளியமரம் ஆகியவற்றையும் சுட்டும். அகராதிகள் இப்பொருள்களை ஒரே வரிசையில் அடுக்குகின்றன. அவை அனைத்திற்கும் சான்று வலிமை ஒன்றா என்பதே இங்கு எழும் வினா.

எகின் பல பொருள் உடையது என்பதைத் தொல்காப்பியமே உணர்ந்துள்ளது. புள்ளிமயங்கியல், மரத்தைக் குறிக்கும் எகினுக்கு 'எகினங்கோடு' என அம்சாரியையும், ஏனை எகினுக்கு 'எகினக்கால்' என அகரமும் வல்லெழுத்து மிகுதியும் விதிக்கிறது. ஆயினும் அந்த ஏனை எகின் விலங்கா பறவையா என்பதை நூற்பா கூறவில்லை. புணர்ச்சி மரத்தை மட்டுமே பிரித்துக் காட்டுகிறது; எஞ்சிய பொருள்களைச் சூழலே தீர்மானிக்க வேண்டும்.

நெடுநல்வாடையில் அரண்மனை முன்கடையில் நீண்ட மயிரும் வெண்ணிறமும் உடைய எகினத்தின் ஏற்றை, அன்னத்தோடு தாவித் திரிகிறது. அன்னம் தனியே சுட்டப்படுவதால் இங்கு எகினம் அன்னமாகாது. நச்சினார்க்கினியர் கவரிமா எனப் பொருள் கொண்டார். மயிரின் நீளம் அதற்குத் துணை நிற்கிறது.

எனினும் பட்டினப்பாலையை ஒப்பிட வேண்டும். காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலை முற்றத்தில், ஞமலியின் ஏற்றை ஆட்டுக்கிடாயோடு தாவுகிறது. முற்றம், ஏற்றை, வேறோர் உயிரோடு உகளுதல் என மூன்று கூறுகளும் ஈரிடத்தும் ஒத்துள்ளன. மனையில் வளரும் உயிர்களைப் பாடும் இம்மரபை நோக்க, நெடுநல்வாடையின் எகினத்தை நாய் எனக் கொள்வதற்கும் இடமுண்டு. மரபியல் 'ஏற்றை' என்பதை ஆற்றலுடைய ஆண்பால் அனைத்திற்கும் உரித்தாக்குவதால், அச்சொல் இரு பொருளையும் தடுக்கவில்லை.

இவ்வொப்புமை நச்சினார்க்கினியர் உரையை மறுத்துவிடாது. அவர் கொண்ட பொருள் ஓர் உரைமுடிவு என்பதை மட்டும் தெளிவாக்குகிறது. ஆகவே அகராதிகளும் சங்கச் சொல்லடைவுகளும், பாடல் தானே உறுதி செய்யும் பொருள், உரையாசிரியர் வகுத்த பொருள், நிகண்டில் மட்டும் காணும் பொருள் என மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். பிரிக்காதவிடத்து, உரையாசிரியரின் கருத்து புலவரின் சொல்லாக மாறிவிடும். பழந்தமிழர் வளர்த்த விலங்குகளின் வரலாறும் அப்பிழையின் மேல் எழுதப்படும்.