தீர்ப்பிதழ்களும் தமிழ்த் தலைக்குறிப்பும்: ஓர் ஒப்பீடு

வழக்குரைஞர்களுக்கான தொழில்முறை இதழ்களைத் தமிழ் இதழியல் ஆய்வுகள் பெரிதும் கருத்திற்கொள்வதில்லை. அவை ஆங்கிலத்திற்கே உரியவை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தோன்றியதோ 1891இல். முதல் தமிழ் நாவலாசிரியராக அவரைப் போற்றும் இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அரசின் அதிகாரம் பெற்ற ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ 1876இல் தொடங்கியது. பிற இதழ்களில் வெளிவந்த தீர்ப்பறிக்கைகளை மேற்கோளாகக் கேட்க நீதிமன்றம் கட்டுப்பட்டதன்று என 1875ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. எனினும் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’, ‘மெட்ராஸ் வீக்லி நோட்ஸ்’ (1910), ‘லா வீக்லி’ (1914) ஆகிய தனியார் இதழ்கள் நீதிமன்றங்களில் நிலைபெற்றன. விரைந்து வெளிவந்தமையோடு, தீர்ப்பின் முகப்பில் அதன் சாரத்தைத் தரும் தலைக்குறிப்பும் அவற்றின் வலிமையாயிற்று. நேரமில்லாத வழக்குரைஞர் முதலில் படிப்பது அதனையே.

தமிழில் அரசு வெளியீடான ‘தீர்ப்புத் திரட்டு’ம், தனியார் திங்களிதழான ‘சட்டக்கதிர்’உம் குறிப்பிடத்தக்கவை. முன்னது தீர்ப்புகளின் தமிழாக்கத்தைத் தருவது. பின்னது பொது வாசகரையும் உளங்கொண்டது. இத்தகைய இதழ்களைக் கலைச்சொற்களைக் கொண்டே மதிப்பிடுவது தமிழாய்வாளரின் வழக்கம். உண்மையான இடர் தொடரமைப்பில் உள்ளது. ஆங்கிலத் தலைக்குறிப்பில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய சொல் முதலில் நிற்க, முடிவும் நிபந்தனைகளும் அதனைத் தொடரும். தமிழில் அவ்வினை இறுதியில் அமைவதால், ‘எனினும்’, ‘ஆயின்’, ‘நீங்கலாக’ என்பன அடுக்கிவர, வாசிப்பவர் முடிவறியக் கடைசிச் சொல்வரை காத்திருக்க நேர்கிறது. முடிவைத் தனித்தொடராக முன்வைத்து, நிபந்தனைகளைப் பின் சிறுதொடர்களாகப் பிரித்தால் இவ்விடர் நீங்கும். தமிழ் அறியாத உத்தியன்று இது. நூற்பாவும் உரையும் இம்முறையில் அமைந்தனவே.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே வழக்காடுமொழி ஆதலின் தமிழ்த் தீர்ப்பிதழ் தேவையற்றது என்பாருமுளர். தமிழகத்தின் கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழை மொழியாக்கிய 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மாநில எல்லைக்கப்பாலும் இதற்கு வாசகர் உண்டு. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், தமிழர் மிகுதியாக வாழும் எருத்தேன்பதி அத்தகைய ஊர். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அம்மாநிலத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2023 முதல் வெளியிடும் தீர்ப்பு மொழிபெயர்ப்புகளோ மலையாளத்தில் அமைபவை. சென்னைத் தீர்ப்பு அங்குக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்ட மட்டுமே பயன்படும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரு மாநிலங்களையும் ஒருங்கே கட்டுப்படுத்துவது. ஆகவே தமிழ்த் தீர்ப்பிதழின் ஒரே இதழில் உள்ள இருவகைத் தீர்ப்புகளும் எருத்தேன்பதி வாசகருக்கு ஒரே தகுதியுடையன அல்ல. எந்த நீதிமன்றத் தீர்ப்பு, எவ்வெல்லைவரை செல்லும் என்பதையும் தலைக்குறிப்பின் முதல் தொடரே உணர்த்துதல் வேண்டும்.